பிழைக்க வந்தவர்க்குப் பாஷை கற்பித்தல்

பிழைப்பை நாடி அயல் தேசத்துக்கோ அயல் மாநிலத்துக்கோ சென்று சேரும் உழைப்பாளிக்கு அவ்விடத்துப் பாஷையைக் கற்பிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்று கேட்டால், வேலைக்கு அமர்த்தியவரைச் சார்ந்தது என்று சிலரும், அரசாங்கத்தைச் சார்ந்தது என்று சிலரும், வந்தவனே தன் பிரயாசையால் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று மிகப் பலரும் விடை கூறுவர். இவ்விவாதம் முடிவதற்குக் காத்திராமல், உலகின் பல பாகங்களில் அக்காரியத்தை மேற்கொண்டு செய்துவந்தவர்களுள் கன்னியாஸ்திரீகளுக்குத் தனியிடம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1942 முதல் 1964 வரை, மெக்ஸிகோ அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில், இலட்சக்கணக்கான மெக்ஸிகோ விவசாயக் கூலிகள் பருத்திக் காடுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் தருவிக்கப்பட்டனர். உடன்படிக்கை காலாவதியான பின்னரும் அவர்கள் வரவு நின்றபாடில்லை. ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத அவர்களுக்கு, தோட்டங்களை அடுத்த சிற்றூர்களில், பகல் வேலை ஓய்ந்த இராப்பொழுதுகளில் ஆங்கிலம் போதித்தவர்களுள் கத்தோலிக்கச் சகோதரிகள் பலர் உண்டு. கூலிச்சீட்டைப் படிக்கவும், வைத்தியரிடம் நோவு இன்னதென்று சொல்லவும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் கையொப்பமிடவும் போதுமான அளவு பாஷை அவர்களுக்குக் கிடைத்தது.

இந்தச் செய்தியை விருதுநகர்ச் சீமையில் இருந்துகொண்டு சிந்திப்பவருக்கு, அது தொலைதூரத்து விஷயமாகத் தோன்றாது. 1985இல் பழைய இராமநாதபுரம் ஜில்லாவினின்றும் பிரிக்கப்பட்டுக் காமராஜர் மாவட்டம் என்ற பெயர் பூண்டு, 1997இல் விருதுநகர் மாவட்டம் என்று வழங்கத் தொடங்கிய இந்நிலப்பகுதி, பெரும்பாலும் வானம் பார்த்த பூமியேயாம். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி ஆகியவற்றின் சுற்றுப்புறங்களில் கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்து, மழை பொய்த்தால் ஜீவனத்துக்கு வேறு மார்க்கமின்றித் தவித்த குடியானவரே இங்குள்ள தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் கைகளை நல்கியவர்கள். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்று மீண்டு இங்கே அதனைத் தோற்றுவித்த கதையைப் பலரும் அறிவர். தீப்பெட்டியை அடுத்து 1940 வாக்கில் பட்டாசும், இவ்விரண்டுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளை அச்சிடும் பொருட்டு வளர்ந்த அச்சகங்களும் சேர்ந்து, மழையில்லா ஊரைத் தொழில் நகரமாக்கின. இன்றுங்கூட வெடித்தொழிலாளரையும் விவசாயக் கூலியையும் இங்கே முற்றாகப் பிரித்துக் காண்பது அரிது; தீபாவளி முடிந்து ஆலைகள் அடைபட்டிருக்கும் நாட்களில் மானாவாரிக் காட்டில் களையெடுக்கும் கைகளே, ஆலை திறந்ததும் சரம் பின்னவும் திரி கிள்ளவும் திரும்புகின்றன.

இத்தொழில்களில் உழைத்த எளியோர்க்கு எழுத்து எவ்வாறு வந்து சேர்ந்தது என்று ஆராய்வோமாயின், தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு எழுத்தறிவித்த துறவு மகளிரும் மிஷன் மகளிரும் தமிழ் நாட்டில் கையாண்ட முறை அங்கேதான் உருவாயிற்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் கணவருடன் 1819இல் நாகர்கோவில் வந்து, பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1821 வாக்கில் அப்பள்ளியிலேயே பின்னல் வேலையையும் புகுத்தினார். மாணவியருள் பலர் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைவிற்கொண்டால் அதன் பொருள் விளங்கும். பின்னல் விற்றுக் கிடைத்த காசு, சிலருக்கு அவர்கள் விடுதலையையே விலைக்கு வாங்கித் தந்தது. எழுத்தும் கூலியும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை நான் மிக மேலானதாக மதிக்கிறேன். பசித்தவரிடம் பலகையை நீட்டுவதில் பயனில்லை என்பதை அவ்வம்மையார் உணர்ந்திருந்தார். வெறும் கைத்தொழிலைத் தந்து எழுத்தை மறுப்பது, அடிமையை நல்ல அடிமையாக்குவதோடு நின்றுவிடும் என்பதையும் உணர்ந்திருந்தார்.

முக்கால் நூற்றாண்டு கழித்து, 1897 நவம்பரில், பெல்ஜியம் தேசத்திலிருந்து மாரி லூயிஸ் டி மேஸ்டர் என்னும் துறவியார் ஒரு துணைச் சகோதரியுடன் குமரிப் பகுதியின் முளகுமூடு கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அநாதைக் குழந்தைகளைப் பேணுவதற்கென்று அழைக்கப்பட்ட அவர், குழந்தைகளுக்கும் ஏழைப் பெண்டிர்க்கும் படிப்பும் பின்னலும் கற்பித்தார். அந்தச் சிறு வீட்டில் முளைத்த சபையே பிற்காலத்தில் ஐ.சி.எம். சகோதரியர் என்று பல தேசங்களிலும் கிளைத்தது. ஐரோப்பாவில் தோன்றித் தமிழ் நாட்டுக்கு வந்த சபைகள் பல உண்டு; தமிழ் நாட்டுக் கிராமத்திலே பிறந்து உலகுக்குச் சென்ற சபை என்ற வகையில் இது தனிச் சிறப்புடையது. இதே சபையைச் சேர்ந்த ஜீன் டெவோஸ் என்னும் பெல்ஜியச் சகோதரி 1963இல் இந்தியா வந்து, 1980இல் திண்டுக்கல் பகுதிக் கிராமங்களில் வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சிறு சிறு குழுக்களாகக் கூட்டினார். அப்பணி 1985இல் பம்பாய்க்கு விரிந்து, தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கமாக உருப்பெற்றது. தம்மைப் பற்றித் தாமே வாய்திறந்து பேசப் பழகாத பெண்களுக்கு, தங்கள் வேலைக்குப் பெயரும் கூலிக்குக் கணக்கும் உண்டென்பதை உணர்த்தி, அதிகாரியின் எதிரில் நின்று பேசச் செய்வதும் பாஷைக் கல்வியின் ஓர் அங்கமே என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இம்மகளிரிடத்தில் ஒரு பொதுவான பண்பைக் காண்கிறோம். கற்பிக்கு முன்னே அவர்கள் கற்றார்கள். திருநெல்வேலிச் சீமைக்கு 1896இல் வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தமிழைச் சிரத்தையுடன் பயின்று, இந்நாட்டு உடையை உடுத்து, 1901 முதல் டோனாவூரில் தங்கி, 1951இல் அங்கேயே மறைந்தார். இடையில் ஒருமுறையேனும் அவர் சொந்த நாடு திரும்பினாரில்லை. எவருக்குப் போதிக்கிறோமோ அவர் வாய்மொழியில் முதலில் தாம் மாணாக்கராய் அமர்வது என்னும் சம்பிரதாயம், இவர்களது வெற்றியில் பெரும்பங்கு வகித்தது. வந்தவனுக்கு நம் பாஷை தெரியவில்லை என்று குறைகூறும் நாம், அவன் பாஷையில் நான்கு சொற்களேனும் அறிவோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இவர்களெல்லாம் சமயப் பிரசாரத்தின் பொருட்டன்றோ வந்தார்கள், எழுத்தறிவித்ததும் வேதப் புத்தகத்தைப் படிப்பிக்கவன்றோ என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை அது உண்மையே. அதை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உயர்ந்த பதவி வகித்த ராக்லண்டு என்னும் பாதிரியார், 1850களில் இதே சிவகாசிப் பிரதேசத்தில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ச் சுற்றி, 1858இல் சிவகாசியிலேயே உயிர் நீத்ததும் சமயப் பணியின் பொருட்டுத்தான். ஆயினும், எழுத்து என்பது கற்பித்தவர் நோக்கத்துக்குள் அடங்கிக் கிடப்பதன்று. வேதம் படிக்கக் கற்ற பெண், அடுத்த நாளே கடன் பத்திரத்தையும் படித்தாள். கற்பித்தவர்களது உள்நோக்கத்தைக் கணக்கிற்கொண்டு கற்றவளது பயனைத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. இன்று அப்பணியை ஏற்கும் சகோதரியர் சமயத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டே வகுப்புக்குள் வர வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம்.

கல்விக்குக் கைகொடுத்தவர்கள் அயலார் மட்டுமே என்று எண்ணுவதும் தவறாகும். விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் மகமை வசூலித்தும், வீடுதோறும் இல்லத்தரசிகள் உலை வைக்குமுன் எடுத்து வைத்த பிடி அரிசியைத் திரட்டியும் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். 1903இல் பிறந்த காமராஜர் பயின்றது அப்பள்ளியில்தான். குடும்பக் கஷ்டத்தால் இளமையிலேயே படிப்பை விட்ட அவர், முதலமைச்சராகி, 1956இல் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு அளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தார். அவர் பிறந்த சீமையிலேயே பின்னும் பல்லாயிரம் குழந்தைகள் பள்ளி வாசலை மிதியாமல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள் என்பது நம் காலத்து மனவேதனை தரும் வரலாறுகளுள் ஒன்று. விடியுமுன் கிராமத்துக்கு வரும் கம்பெனி வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றப்பட்டு, இருட்டிய பின் வீடு திரும்பிய அக்குழந்தைகளைப் பற்றி ஸ்மிது கோத்தாரி 1983இல் எழுதிய கட்டுரை தேசத்தின் கவனத்தைச் சிவகாசியின்பால் திருப்பிற்று. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா இக்குழந்தைகளின் பொருட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் அளித்த தீர்ப்பு, குழந்தையை அபாயத் தொழிலில் அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், குழந்தைக்குப் பதில் குடும்பத்தின் வயதுவந்தவர் ஒருவருக்கு வேலை தர முயல வேண்டும் என்றும் வகுத்தது. 1987ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையைத் தொடர்ந்து ஏற்பட்ட குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையினின்று மீட்கப்பட்ட குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் வைத்து, உணவும் சிறு உதவித் தொகையும் தந்து, பொதுப் பள்ளியில் சேர்க்கும் வரை படிப்பித்தது அத்திட்டம்.

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அதன் இடத்தில் வேலைக்கு அமர்ந்த தாய்க்கு எழுத்தறிவிக்க எவர் முன்வந்தார்கள்? அறிவொளி இயக்கம் முன்வந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றி, 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதைக் கண்டு உற்சாகம் கொண்ட தமிழ் நாட்டில், புதுக்கோட்டையும் காமராஜர் மாவட்டமும் முதலில் களமிறங்கிய ஜில்லாக்களுள் அடங்கும். அறிவொளியின் ஆசிரியைகள் காவி உடுத்தவர்களுமல்லர், வெண்ணிற அங்கி அணிந்தவர்களுமல்லர். பள்ளியிறுதி வரை படித்து ஊரிலேயே இருந்த இளம்பெண்களே பெரும்பாலோர். சம்பளம் கிடையாது. சமையல் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு, தெருவிளக்கின் அடியிலோ திண்ணையிலோ கூடிய அவ்வகுப்புகளில், பகலெல்லாம் பெட்டி ஒட்டிய பசை கையில் காய்ந்திருந்த பெண்கள் அகரம் எழுதினார்கள். புதுக்கோட்டையில் மிதிவண்டி ஓட்டக் கற்றதும், கலெக்டருக்குத் தாமே மனு எழுதிச் சென்றதும் அப்பெண்களின் கல்வியோடு இணைந்தே நிகழ்ந்தன. துறவு மகளிரின் முறையைத் துறவு பூணாதவரும் கையாளக்கூடும் என்பதற்கு அறிவொளியே பிரத்தியட்சச் சான்று. ஓரிரண்டு ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் தொடர்கல்வி நிலையங்கள் நலிந்து, கற்ற எழுத்துகளுள் பல மறந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். சகோதரியரது மடத்துக்கும் இயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்: இயக்கம் வந்து போயிற்று, மடம் அங்கேயே இருந்தது.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி விருதுநகர் மாவட்டத்தின் எழுத்தறிவு 80 சதவிகிதத்தை எட்டியிருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் கோவைக்கும் சென்னைக்கும் கடல் கடந்தும் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை இட்டு நிரப்ப, ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞரும் யுவதிகளும் தமிழ் நாட்டு ஆலைகளை நாடி வருகிறார்கள். பட்டாசுத் தொழிலில் இன்றும் உள்ளூர்க் கைகளே மிகுதி. ஆனால் 1936இல் முதல் நூற்பாலை தோன்றிய இராஜபாளையத்திலும் சுற்றிலும் உள்ள நூற்பாலைகளிலும், கட்டட வேலைகளிலும், உணவு விடுதிகளிலும் வடக்கத்தியர் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். அவர்களும் பெரும்பாலும் விவசாயக் கூலிகளின் மக்களே. மழை பொய்த்த கரிசல் குடியானவன் ஒரு காலத்தில் ஆலைக்கு வந்தது போலவே, வெள்ளத்தாலும் கடனாலும் நிலம் கைவிட்ட குடும்பத்தின் பிள்ளை இங்கு வந்து நிற்கிறான். நம் முன்னோர்க்கு எழுத்துத்தான் அந்நியமாயிருந்தது. இவர்களுக்குப் பேச்சே அந்நியம்.

1979ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாநிலம் விட்டு மாநிலம் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், கூலி விகிதமும் கொடுத்த முன்பணமும் குறித்த கைப்புத்தகத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளியின் பாஷை வேறாயின் அப்பாஷையிலும், எழுதித் தர வேண்டும் என்று விதித்தது. மிக உயர்ந்த விதி. அதை இயற்றியவர்கள் உழைப்பாளியின் துன்பத்தை உணர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைப்புத்தகம் அவன் பாஷையில் இருந்தால் மட்டும் போதுமா? மருத்துவமனைச் சீட்டும், பேருந்தின் பலகையும், நியாய விலைக் கடையும், காவல் நிலையமும் தமிழில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து தமிழில் அறிவிக்கப்படுகிறது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது, கலந்த மருந்தை மறுநாளுக்கு மீத்து வைக்கலாகாது, உராய்வு கூடாது என்னும் எச்சரிக்கைகளைப் பட்டாசு ஆலைச் சுவர்களில் காண்கிறோம். அத்தகைய ஆலைகளில் நேர்ந்த வெடிவிபத்துகளில், 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேரும், 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அவ்விபத்துகளுக்கு எழுத்தறியாமையே காரணம் என்று நான் கூறவில்லை. அறைகளில் அளவுக்கு மீறி ஆட்களை நிரப்பியதும், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டதும், மருந்துக் கலவையில் கவனக்குறைவும் போன்ற காரணங்களே இத்தொழிலின் விபத்துகளில் மீண்டும் மீண்டும் வெளிப்படுகின்றன. ஆனால் தமிழ் தெரிந்தவரையே காக்கத் தவறிய அச்சுவர்கள், தமிழ் தெரியாத ஒருவன் நாளை அவ்வறைக்குள் நுழைந்தால் அவனுக்கு என்ன சொல்லும்? எந்திரங்களுக்கு நடுவே பஞ்சுத் தூசியில் நிற்கும் நூற்பாலைப் பெண்ணுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

அண்டை மாநிலம் இவ்விஷயத்தில் நமக்கு முன்னே சென்றுவிட்டது. கேரள எழுத்தறிவு இயக்கத்தார், ஒட்டுப்பலகை ஆலைகளில் வடக்கத்தியர் பெருந்திரளாய் உழைக்கும் பெரும்பாவூரில், சங்ஙாதி என்னும் பெயரால் வகுப்புகள் தொடங்கினர். ஹமாரி மலையாளம் என்னும் பாடநூலை அதற்கென்றே இயற்றி, தொழிலாளர் குடியிருப்புகளுக்கே ஆசிரியரை அனுப்பி, முடிவில் தேர்வும் நடத்தினார்கள். எர்ணாகுளம் ஜில்லாவில் தொடங்கிய ரோஷ்னி என்னும் திட்டம், அத்தொழிலாளரின் குழந்தைகளுக்கு அவர்கள் தாய்மொழியின் துணையைக்கொண்டே மலையாளம் கற்பித்தது. தமிழ் நாட்டரசும் அண்மைக் காலத்தில், இங்கு வந்து வாழும் பிற மாநிலத்தவர் குழந்தைகளுக்குப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யத் தொடங்கியிருக்கிறது. அது மனமுவந்து வரவேற்கத்தக்கது. ஆனால் பழைய கதையே இங்கும் மீள்கிறது. குழந்தைக்கு அரசு உண்டு. ஆலையில் நிற்கும் தாய்தந்தையர்க்கு ஒருவருமில்லை.

முதியோர் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து ஜான்ஸ் தீவில் 1957இல் நடந்த முயற்சி நல்ல வழிகாட்டி. வோட்டுரிமைப் பதிவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமென்று சட்டம் தடுத்த கறுப்பினத்து உழவர்களுக்கு வகுப்பெடுக்க ஹைலாண்டர் என்னும் முதியோர் கல்விப் பள்ளியார் தேர்ந்தெடுத்தது, ஆசிரியத் தொழில் புரியாத பெர்னிஸ் ராபின்சன் என்னும் சிகையலங்காரப் பெண்மணியை. அவர் பாடநூலைத் திறக்குமுன், என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று மாணாக்கரையே கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வேதத்தைப் படிக்க வேண்டும், தபாலில் சாமான் தருவிக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அவற்றிலிருந்தே பாடம் தொடங்கிற்று. இராஜபாளையத்து ஆலை விடுதியில் அதே கேள்வியைக் கேட்டால் ஊருக்குப் பணம் அனுப்புவது, விடுப்புக் கேட்பது, வயிற்றுவலி என்று சொல்வது, மேற்பார்வையாளர் வைவதன் பொருள் அறிவது என்று பதில் வரக்கூடும். திருக்குறளை அப்புறம் கற்பிக்கலாம்.

ஆறு மாதத்தில் ஊருக்கு ஓடிவிடுபவனுக்கு எதற்குப் பாஷை என்று முதலாளிகள் கேட்கலாம். பாஷை தெரியாத ஊரில் நிலைத்திருக்க எவருக்கும் மனம் வராது என்பதே அதற்கு விடை. வந்தவர் தமிழ் கற்று இங்கேயே நிலைத்துவிட்டால் நம் பிள்ளைகளின் பிழைப்பு என்னாகும் என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். இலங்கையின் மலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர்க் காடுகளிலும் அயலாராய்ச் சென்று நின்ற இலட்சக்கணக்கான தமிழ்க் கூலிகளின் வழித்தோன்றல்கள் நாம். பேச்சறியாத ஊரில் கங்காணியின் வாயையே நம்பி வாழ்ந்த அவமானத்தை அனுபவித்த இனம், அதே நிலையில் தன் வாசலுக்கு வந்தவனிடம் அஞ்சுவது அழகன்று. தவிர, பாஷை தெரியாத தொழிலாளியைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்வது எளிது. அவன் பாஷை கற்றுத் தன் கூலியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் அதனால் காக்கப்படும்.

விருதுநகர், சிவகாசி, இராஜபாளையம் ஆகிய ஊர்களில் பெண் துறவியர் நடத்தும் பள்ளிகளுக்குக் கட்டடமும் கரும்பலகையும் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் அவை பூட்டிக் கிடக்கின்றன. பிடி அரிசியால் பள்ளி நடத்திய வணிகர்களின் வழிவந்தோர் இன்று ஆலைகளுக்கு உரிமையாளராயிருக்கிறார்கள். அறிவொளியில் பாடம் சொன்ன பெண்கள் இன்று பாட்டிமாராய் அதே தெருக்களில் வாழ்கிறார்கள். இம்மூவரும் ஒன்றுகூடினால், அரசாணைக்குக் காத்திராமலே, ஆலை விடுதி ஒன்றில் வாரத்தில் மூன்று மாலை ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பைத் தொடங்கிவிட முடியும். அந்த ஒரு மணியை வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி கொடுக்கும் முதல் ஆலை அதிபர் யாரோ, அவரைப் பிற அதிபர்கள் பின்பற்ற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். மடங்களின் தலைமைச் சகோதரியரும் இவ்வேண்டுகோளைச் செவிமடுத்து, வரும் கல்வியாண்டுக்குள் ஒரு வகுப்பறைக் கதவையேனும் மாலையில் திறந்து வைப்பார்களாக.